கடலோரப் பாசனமும் ஒரு பெண் பார்க்கும் படலமும்

பெண் பார்க்கப் போகும் இடத்தில் மாப்பிள்ளை பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் வந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். வேலை போக மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. நகரங்களைக் கட்டி, வயல்களுக்குப் பாசனம் செய்து, மக்களைப் பட்டினி போடாமல் ஒரு நாட்டை ஆள வேண்டும். (என் சமையலில் நான் பட்டினி கிடந்தது வேறு விஷயம்.)

அப்போது பெங்களூரிலேயே அல்சூரிலிருந்து ஒரு வரன் வந்தது. தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். பெண் சுமதியும் சாஃப்ட்வேர்தான். அவளுடைய அப்பா பாசனத் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே இந்த இடம் அமைய வேண்டுமே என்று எனக்குத் தவிப்பு. அவர் அணை, கால்வாய் என்று ஆரம்பித்தால் தலையை மட்டும் ஆட்டு என்று கூட வந்த என் மாமா ஆட்டோவிலேயே எச்சரித்தார்.

அவர் ஆரம்பித்தார். எந்தக் கால்வாயிலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவதுதான் பெரும்பாடு என்றார். என் கம்ப்யூட்டர் நாட்டில் அந்தப் பிரச்சினையை முந்தின நாள்தான் தீர்த்திருந்தேன்.

"பக்கத்து வயலுக்குப் பாசனம் இருந்தா போதும் சார், அதுலேர்ந்து அடுத்ததுக்கு இழுத்துக்கலாம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆறு இல்லாட்டி, கடல் பக்கத்துல இருந்தாலும் போதும்."

"கடலா?"

மாமா என் மடியில் இருந்த பஜ்ஜித் தட்டைக் கண்ணால் காட்டினார். நான் கவனிக்கவில்லை. வயல் நடுவே ரயில் தண்டவாளம் போட்டால் விளைச்சல் கூடும் என்றேன். கொடுங்கோலாட்சி ஒழிகிறவரை புல்வெளியில் பாசனம் செய்வது வீண் என்றும் சொல்லிவைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மாமா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

"அப்பா, அவர் சொல்றது கம்ப்யூட்டர் கேம்ல வர்ற விவசாயம். எங்க ஆபீஸ்லயும் ஆடுவாங்க" என்றாள் சுமதி மெதுவாக.

என் காது இரண்டும் சுட்டன. எழுந்து ஓடலாம் என்றால் மடியில் தட்டு. போச்சு, இந்த இடம் போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் நிதானமாகக் கேட்டார்:

"அதுல மடையைத் திறக்கறது யாரு?"

"யாரும் இல்ல சார். தானாவே பாயும்."

"கடைசி வயல்காரன் சண்டைக்கு வரமாட்டானா?"

"மாட்டான் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு ஊருக்கு எனக்கு போஸ்டிங்கே கிடைக்கலையேப்பா."

முதலில் சிரித்தது சுமதி. பிறகு அவர். மாமா வீடு திரும்பும்வரை ஆட்டோ டிரைவரோடு மட்டுமே பேசினார்.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் மாமனார் அசராமல் "விவசாயம்" என்கிறார். போன வருஷம் ஒரு வளைகாப்பில், பெங்களூரை அடுத்த ஆனேக்கல்லிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதை நம்பிவிட்டார். தன் தோப்பில் தென்னங்குரும்பை கொட்டிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று என்னிடம் நிஜக் கவலையோடு கேட்டார். பந்தியில் இருந்த மொத்தக் குடும்பமும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தது.

நான் பாயசம் வருவதற்கு முன்பே கை கழுவப் போய்விட்டேன்.