பெட்டியில் விட்டுப்போன இயற்பியல்

காலி இடம் உள்ள பெட்டியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். இது தொழில் வியாதி. சிவகாசியில் இருபது வருடமாகக் கிஃப்ட் பாக்ஸ் போடுகிறவன் நான். (தீபாவளிக்கு அலுவலகங்களில் கொடுப்பார்களே, இருபத்தைந்து வகைப் பட்டாசு அடைத்த அட்டைப் பெட்டி, அதுதான்.) இந்தத் தொழிலுக்கு இரண்டே விதி. பெட்டியைத் திறந்தால் இண்டு இடுக்கு தெரியக் கூடாது. ஒரே ரகம் இரண்டு இருந்தால் ஒன்றைத் தூக்கிவிட்டு வேறு ரகம் வைக்க வேண்டும். இந்த விதிகளை வைத்து நான் பெற்ற மகளின் படிப்பையும் பேக்கிங் செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மகள் பெயர் அபிநயா. பிளஸ் டூ முடித்த வருடம், டெல்லியில்தான் வேதியியல் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். புகை குறைவாக வரும் பட்டாசு மருந்தைக் கண்டுபிடிக்கப் போகிறாளாம். அங்கே ஒரு கல்லூரியின் சிவப்புச் சுவர்ப் படத்தைப் பீரோ கதவில் ஒட்டி, தினமும் அதைப் பார்த்துத்தான் தலை சீவுவாள். அதில் சேர மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தெந்தப் பாடங்களில் எழுத வேண்டும் என்று விதி உண்டு. அவள் அதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, ஒரு தாளில் நான்கே வரி எழுதினாள்: ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதம்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கும்போது அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை. என் மனைவி விஜயா, கண்ணுக்கு ஆகாது என்று செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். படுத்தபடியே அபி அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள்.

"இதுல இருக்கிறத அப்படியே போட்டாப் போதும்ப்பா. வேற ஒண்ணும் செஞ்சிராதீங்க."

"நீ படு தாயி. அப்பா பாத்துக்கிடுறேன்."

(வேற ஒண்ணும் செய்யாதே என்றது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.)

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்வி என்ற பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். அங்கே போய் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். மொழி போக ஆறு பாடங்கள் வரை எடுக்கலாம் என்று இருந்தது. என் மகள் கேட்டிருந்ததோ மூன்று. மூன்று கட்டம் காலி! எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது.

"செல்வி, பாதிப் பெட்டிய எவனாச்சும் ஒட்டி அனுப்புவானா? நிரப்பு."

"பாப்பா மூணுதான அண்ணாச்சி எழுதிக் குடுத்திருக்கு?"

"அதுக்கு என்ன ஏவாரம் தெரியும்?"

கணக்குப்பதிவியலைப் போடச் சொன்னேன்; நாளைக்குக் கம்பெனியைப் பார்க்க வேண்டாமா? புவியியல், லோடு எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள. வரலாறு, சும்மா பெட்டி பார்வையாக இருக்கட்டும் என்று. ஆறும் நிறைந்தது. அப்போது பார்த்து, உளவியல் என்று ஒன்று கண்ணில் பட்டது. சீசனில் பேரம் பேசியே உயிரை எடுக்கிற ஆட்களைச் சமாளிக்க இதைவிடத் தோதான சரக்கு உண்டா? ஆனால் இடமில்லை. எதையாவது எடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தேன். இயற்பியல், வேதியியல். இரண்டுக்கும் ஆய்வகம், இரண்டுக்கும் பிராக்டிகல் நோட்டு. பத்தாவதோடு கடைக்கு வந்த எனக்கு இரண்டும் ஒரே ரகமாகத்தான் தெரிந்தன.

"பிசிக்ஸத் தூக்கு."

செல்வி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிருங்களேன்."

"அம்மை போட்ட வீட்டத் தொந்தரவு பண்ணச் சொல்றியாக்கும்? நான் சொல்றேன்ல, தூக்கு."

தூக்கினாள். அச்சடித்த தாளைக் கடை மேசை டிராயரில் பூட்டினேன். வீட்டில் கேட்டதற்கு, ஜம்மென்று போட்டாச்சு என்றேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அபி தேறி எழுந்து, நான் பூட்டி வைத்த அச்சடித்த தாளை வாங்கிப் பார்த்தபோது, திருத்தம் செய்யக் கொடுத்த நாட்களும் முடிந்திருந்தன.

"அப்பா, பிசிக்ஸ் எங்கப்பா?"

"அதான் கெமிஸ்ட்ரி இருக்குல்லம்மா."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் எழுதாமல் அந்தக் கல்லூரியில் வேதியியலுக்கு இடமே கிடையாதாம். உதவி எண்ணுக்கு நாள் முழுக்கப் போன் போட்டேன். பதில் சொன்ன அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று. விஜயா என்னைப் பார்த்து, "எம்புட்டுத் தெளிவா எழுதிக் குடுத்தா பிள்ள! அதையும் பெட்டியில போட்டு ஒட்டிட்டு வந்துட்டீகளே!" என்றாள். மகள் மூன்று நாள் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட வந்தாள்.

தேர்வை எழுதத்தான் செய்தாள். கொடுமை என்னவென்றால், ஒரு பக்கம்கூடப் புரட்டாத உளவியலில்தான் நல்ல மதிப்பெண். எப்படித் தாயி என்று கேட்டேன். "உங்ககூட இத்தன வருசம் இருந்திருக்கேன்லப்பா, தனியாப் படிக்கணுமா?" என்றாள். அவள் என்னிடம் மறுபடி சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்; அந்தச் சிரிப்புக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சேர்ந்தாள். மூன்று வருடமும் காலையில் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். (யாரும் சொல்லவில்லை. நானாகப் போட்டுக்கொண்ட தண்டனை.) சிவப்புச் சுவர்ப் படம் பீரோவிலேயே இருந்தது. அதைக் கிழித்துப் போட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வருடம் முதுகலை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் வந்தது. அபி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாடத்த நீங்களே கிளிக் பண்ணுங்கப்பா."

"என்னையா? வேண்டாம் தாயி."

"சும்மா பண்ணுங்க. நான் பக்கத்துலதான இருக்கேன்."

வேதியியலைக் கிளிக் செய்தேன். அதற்குக் கீழே இன்னும் கட்டங்கள் காலியாக இருந்தன. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே மீதியை முடித்தாள்.

இப்போது டெல்லியில்தான் படிக்கிறாள். பீரோவில் இருந்த அதே சிவப்புச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினாள். தீபாவளிக்கு வந்தவள், கடையில் மாதிரிக்குத் திறந்து வைத்திருந்த கிஃப்ட் பாக்ஸின் மூடியில், இருபத்தைந்து சரக்கின் பட்டியலுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருக்கிறாள்: "26. இயற்பியல் – ஸ்டாக் இல்லை."

அந்தப் பெட்டியை நான் விற்கவில்லை. கல்லாவுக்கு மேலேயே இருக்கிறது. போன வாரம் மதுரையிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்தவர் அதை வாசித்துவிட்டு, "இயற்பியல்னு ஒரு வெடியா அண்ணாச்சி? எப்படி வெடிக்கும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பில் போட்டுக்கொண்டிருந்த விஜயா நிமிர்ந்து பார்த்தாள்.

"அது வெடிக்காதுங்க. வீட்டுக்குள்ள மூணு வருசம் புகைஞ்சுக்கிட்டே இருக்கும்."