சிவப்பு நாற்காலிக்கு ஓர் அப்பாயின்மெண்ட்

என் மனைவி ஜெயலெட்சுமியோடு ஏதோ ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. அதை அரசாங்கச் செலவில் அனுப்பிவைப்பது என்று நான் சபதம் எடுத்தேன்.

சபதத்தில் 'அரசாங்கச் செலவில்' என்பதுதான் எனக்கு முக்கியம். என் சம்பளத்தில் மாதம் தவறாமல் அரசாங்க மருத்துவக் காப்புறுதிக்கென்று பிடித்து, ஓர் அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். நானோ குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்த அட்டையைக் காட்டி ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கியதில்லை. இந்தக் குணாளன் ஆரோக்கியமாக இருந்தே ஏமாந்துபோனவன்.

நடந்ததைச் சொல்கிறேன். விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

எங்கள் வீடு தீவுப் பக்கம், ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில், நல்ல உயரத்தில். பால்கனியில் நின்றால் கடலும், அதைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போகிற பாலமும் தெரியும். வேலை விட்டு வந்ததும் சாயங்காலக் கோப்பி கலக்குவது என் இலாகா. ஜெயலெட்சுமி அந்த நேரத்தில் டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போவாள். அவள் சாயங்காலத்தில் எதுவும் குடிப்பதில்லை. ஆகவே நான் ஒரே ஒரு கிளாஸ் கலக்கி, பால்கனியில் உட்கார்ந்து குடிப்பேன். ஒரு கிளாஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் குடித்த கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், பால்கனி மேசையில் இன்னொரு கிளாஸ். நிறைய கோப்பி. ஆறிப்போயிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சீனியே இல்லை.

எங்கள் வீட்டில் சீனி இல்லாமல் கோப்பி குடிக்கிறவர் யாரும் கிடையாது. உயிரோடு.

பக்கத்தில் இருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி பாலத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அது வின்சென்ட் உட்காருகிற நாற்காலி. என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்தவன். வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில். வேலை முடிந்ததும் பாலத்தில் ஜாம் குறைகிறவரைக்கும் எங்கள் பால்கனியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போவான். மார்ச் மாதம் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அது வேறு கதை. இப்போது அதைப் பற்றி வேண்டாம்.

மறுநாளும் இரண்டாவது கிளாஸ் இருந்தது. அதற்கு மறுநாளும்.

அப்புறம் லிப்ட். பொத்தானை அழுத்தோ அழுத்து என்று அழுத்தினாலும் எங்கள் மாடியில் நிற்க யோசிக்கிற லிப்ட் அது. இப்போது இருட்டுகிற நேரம் பார்த்துத் தானாக வந்து நின்றது. கதவு திறக்கும். யாரும் இறங்கமாட்டார்கள். ஓர் ஆள் இறங்கி முடிக்கிற அளவுக்குக் காத்திருந்துவிட்டுக் கதவு மெதுவாக மூடிக்கொள்ளும்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு சாயங்காலம், மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தபோது, அடுப்படியில் ஜெயலெட்சுமியின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குளிர்ப்பெட்டிக்கு எதிரே நின்றிருந்தாள். ஈரத் தலை. விளக்குப் போடவில்லை.

"ஜாம் இன்னும் விடல. கொஞ்சம் இருந்துட்டுப் போடா," என்றாள்.

எதிரே யாரும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் வந்தது போலிருக்கிறது, சிரித்தாள். "சரி சரி. மழை வருது, மெதுவாப் போ."

எங்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அங்கிருந்து இவளுக்குப் பாலத்து ஜாம் எப்படித் தெரியும்? அதைவிட முக்கியம், யார் அந்த 'டா'? கூடப் பிறந்த தம்பியையே 'வாங்க போங்க' என்று கூப்பிடுகிறவள். பேயாக இருந்தால் பரவாயில்லை, ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் எனக்குக் கவலை வந்தது.

"யார்கிட்ட பேசின?"

"நானா? பேசவே இல்லையே," என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயங்கரம்.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் முருகன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம் வாங்கி வந்து அடுப்படி வாசலில் கட்டினேன். மறுநாள் பழத்தைக் காணோம்.

"வாடிப் போயிரும்னு பிழிஞ்சிட்டேங்க," என்றாள் ஜெயலெட்சுமி. மேசையில் சர்பத். இரண்டு கிளாஸ்.

எதிர்வீட்டு நூர்ஜான் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, ஜெயாவுக்கு என்னமோ ஆயிருச்சு. ஆள் இல்லாம பேசுறா."

"அதுல என்னா தம்பி இருக்கு? எங்க வீட்டுக்காரரு எதிர்ல உக்காந்து போன் பாக்குறாரு. நானும் ஆள் இல்லாமதான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"விளையாடாதீங்கக்கா. அவ பேசுறதுக்குப் பதில் வருது."

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "அப்ப மனசு சம்பந்தப்பட்டது லா. கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்னு இருக்காங்க. அவங்களப் போய்ப் பாருங்க."

"வெள்ளம் வந்தா அரிசி குடுப்பாங்களே, அவங்களா?"

"அவங்க வேற. இவங்க இதுக்குன்னே படிச்சவங்க. உக்கார வச்சுப் பேசுவாங்க. ஊசி கீசி இல்ல."

"அட்டை எடுப்பாங்களா?"

"பொண்டாட்டியப் பேய் பிடிச்சிருக்கு, உங்களுக்கு அட்டை. இருங்க, சில நம்பர் அனுப்புறேன். கேட்டுப் பாருங்க."

நம்பர்கள் வந்தன. முதல் இடத்தில் ஒரு பெண் பேசினார். 'அரசாங்க அட்டை' என்று நான் முடிக்கும் முன்பே பியானோ வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மதிய உணவு நேரம் முழுக்க வாசித்தார்கள். இரண்டாம் இடத்தில் அட்டை எடுப்பார்களாம், ஆனால் அடுத்த தைப்பூசத்துக்குப் பிறகுதான் இடமாம். அதுவரைக்கும் வந்திருக்கிறவரைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

மூன்றாவது நம்பரில் ஓர் ஆண் குரல். நான் வீட்டு நிலவரத்தை மளமளவென்று சொன்னேன். எவ்வளவு பொறுமையாகக் கேட்டார் தெரியுமா? கடைசியில், "அண்ணே, நம்ம ஏர்கோன் மிஷின் மட்டும்தான் கழுவுறது," என்றார்.

நான்காவது நம்பர் சூலியா தெரு. "ஷாஹிரா பேசுறேன்," என்றது ஓர் இளம் குரல்.

"அரசாங்கக் காப்புறுதி அட்டை எடுப்பீங்களா?"

"எடுப்போம்."

சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று இன்னொரு தடவை கேட்டேன். எடுப்பார்களாம்.

"யாருக்குங்க அண்ணே?"

"என் ஒய்ஃபுக்கு. வீட்லதான் இருக்காங்க."

"அட்டை யார் பேர்ல?"

"என் பேர்ல."

"அப்ப உங்களுக்கு மட்டும்தான் செல்லும். யார் சம்பளத்துல பிடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான். ஒய்ஃப் கூட வந்து உக்காந்துக்கலாம்."

இந்த இடத்தில் என் மூளை செய்த வேலையை நீங்கள் பாராட்ட வேண்டும். நோய் அவளுக்கு. அட்டை எனக்கு. நானே நோயாளியாகப் போய், அவளுக்கு இருக்கிறதையெல்லாம் எனக்கு இருக்கிறதாகச் சொன்னால் என்ன? வைத்தியம் அவள் காதிலும் விழுமே.

"ஒய்ஃபுக்குன்னு தப்பாச் சொல்லிட்டேன். எனக்குத்தான். சாயங்காலமானா ஒரு மாதிரி ஆயிடுது."

ஷாஹிரா என் பெயரையும் அட்டை நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை வாங்கண்ணே," என்றார்.

ஜெயலெட்சுமியிடம் பக்குவமாகச் சொன்னேன். "எனக்கு மனசு கொஞ்சம் சரியில்ல ஜெயா. ஒருத்தங்களப் பாத்துப் பேசலாம்னு இருக்கேன். துணைக்கு வர்றியா?"

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "உங்களுக்கா? நெஜமாவா?"

"எனக்குத்தான்."

"வர்றேங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. பாவம், நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சூலியா தெருவில் ஒரு நாணயமாற்றுக் கடைக்கு மேலே அந்த அறை. நாங்கள் மரப்படி ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே இருட்டு. ஷாஹிரா துடோங் முக்காடு அணிந்த சின்னப் பெண், அமைதியான முகம். அவருக்கு எதிரே மூன்று நாற்காலிகள். ஒன்றில் நான், ஒன்றில் ஜெயலெட்சுமி. மூன்றாவதை யாரும் நகர்த்தி வைக்கவில்லை.

"சொல்லுங்கண்ணே."

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "சாயங்காலமானா ரெண்டு கிளாஸ் கோப்பி கலக்குறேன்."

ஜெயலெட்சுமி தலையாட்டினாள். தன்னைத்தான் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டாள், நல்லது.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு சீனி இல்லாம."

"சீனி இல்லாம யாருக்கு?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "அது தெரியல. அப்புறம் ஆள் இல்லாத எடத்தப் பாத்துப் பேசுறேன்."

"என்ன பேசுவீங்க?"

"ஜாம் இன்னும் விடல. கொஞ்சம் இருந்துட்டுப் போடா."

நடிப்பாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே என் கைமுடி எழுந்து நின்றது. அந்த வார்த்தைகள் என் வாய்க்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. எங்கே இழுக்க வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பதுகூட. 'போடா' என்பது ஜெயலெட்சுமியின் வாயில் வருகிற சொல்லே இல்லை. அது என்னுடையது.

"எந்த ஜாம் அண்ணே?" ஷாஹிராவின் குரல் மெதுவாக வந்தது.

"பாலத்து ஜாம்."

"பாலத்தைத் தாண்டிப் போகணும்னு காத்திருக்கிறது யாரு?"

ஓட்டின் மேல் மழை கொட்டியது. நான் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தேன். பிறகு ஜெயலெட்சுமியை. "நீதானே அடுப்படியில அப்படிச் சொன்ன?"

"சொன்னேன். நீங்க பால்கனியில சொன்னதக் கேட்டுட்டுத்தான் நான் அடுப்படியில சொன்னேன். தெனம் சொல்றீங்க. மார்ச்லேர்ந்து. சொல்றது உங்களுக்கே தெரியலங்க."

"அப்ப அந்தக் கோப்பி?"

"கோப்பி உங்க இலாகாதானே?"

என் கையைப் பார்த்தேன். இந்தக் கைதான் தினம் இரண்டாவது கிளாஸை எடுத்திருக்கிறது. சீனி டப்பாவைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்த நாற்காலியைப் பாலத்தின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. என்னைக் கேட்காமல். பேய்க்குப் பயப்படாதவன்கூட இதற்குப் பயப்படுவான்.

"வின்சென்டு," என்றேன். "அவனுக்கு இனிப்புநீர். சீனி ஆகாது."

அவன் போன பிறகு அந்தப் பெயரை நான் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி மாதிரி அழுதேன். அவன் இல்லாமல் சாயங்காலம் வருவதற்கே எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஜெயலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷாஹிரா அவசரப்படுத்தவில்லை. கிளம்பும்போது, "அடுத்த செவ்வாய் வாங்கண்ணே," என்று மட்டும் சொன்னார்.

படியிறங்கும்போதுதான் எனக்கு மூளை திரும்பியது.

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"எனக்கு என்னாங்க?"

"நேராவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. டிவி சத்தத்தக் கூட்டினீங்க. திரும்பவும் சொன்னேன். காரு கழுவப் போயிட்டீங்க. உங்களுக்குன்னா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டீங்க. எனக்குன்னா ஓடுவீங்க. அதான் கொஞ்ச நாள் நான் உங்க மாதிரியே இருந்து பாத்தேன்."

"நூர்ஜான் அக்கா குடுத்த நம்பரு?"

"நான் எழுதிக் குடுத்தது. அட்டை உங்களுக்கு மட்டும்தான் செல்லும்னு ஷாஹிராகிட்ட முன்னாடியே கேட்டு வச்சிருந்தேன்."

"அப்ப அந்த ஏர்கோன்காரன ஏன் சேத்த?"

"லேசாக் கெடச்சா உங்களுக்கு அருமை தெரியாதுங்க."

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. பாலத்தில் விளக்குகள் வரிசையாக நின்றன. நான் கோப்பி கலக்கப் போனேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, ஒரே ஒரு கிளாஸ் கலக்கினேன். திரும்பி வந்தால் சிவப்பு நாற்காலியில் ஜெயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு. சீனி ரெண்டு கரண்டி."

"நீ சாயங்காலம் எதுவும் குடிக்க மாட்டியே."

"நீங்க கேட்டதே இல்லையே."

என் கிளாஸை அவளிடம் கொடுத்துவிட்டு இன்னொன்று கலக்கி வந்தேன். அவள் வின்சென்டைப் பற்றிக் கேட்டாள், நான் சொன்னேன். அவன் சிரிப்பு, அவன் ஓட்டை மோட்டார் சைக்கிள், எல்லாம். மனசு லேசாகிவிட்டது. லேசானதும் எனக்குப் பழைய திமிர் வந்துவிட்டது.

"இத்தோட போதும் ஜெயா. ஒரு தடவ அழுதாச்சு, சரியாப் போச்சு. அடுத்த செவ்வாய் எல்லாம் தேவையில்ல."

அவள் கோப்பியை ஊதிக் குடித்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றேன். "மத்ததெல்லாம் சரி. அந்த லிப்டை மட்டும் எப்படி தெனம் நிப்பாட்டின?"

"எந்த லிப்ட்?" என்றாள் ஜெயலெட்சுமி.

வாசலுக்கு வெளியே லிப்ட் வந்து நிற்கும் மணிச்சத்தம் கேட்டது. கதவு திறந்தது. யாருடைய காலடியும் கேட்கவில்லை. ஓர் ஆள் இறங்கி முடிக்கிற அளவுக்குக் காத்திருந்துவிட்டுக் கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பாலத்தைப் பார்த்துக்கொண்டு கோப்பியின் கடைசி மடக்கைக் குடித்தாள்.

"அதையும் செவ்வாய்க்கிழமை ஷாஹிராகிட்டச் சொல்லுங்க. அட்டைதான் உங்க பேர்ல இருக்கே."