முருகேஸ்வரி படத்துக்கு மாலை

இந்தத் தடவை பொண்டாட்டியைக் கேட்காமல் ஒரு காரியமாவது செய்துவிடுவது என்று ஆண்டிச்சாமி முடிவெடுத்தபோது, பொண்டாட்டி ஏறிய பஸ் இரண்டு வளைவு தாண்டிப் போயிருந்தது. முக்கியமான முடிவுகளை அவன் எப்போதும் அந்தத் தூரத்தில் வைத்துத்தான் எடுப்பான்.

முருகேஸ்வரிக்கு அய்யம்பாளையத்தில் தங்கச்சி வீட்டுக் காதுகுத்து. மூன்று நாள் கழித்துத்தான் வருவாள். பஸ்ஸில் ஏறும்போதுகூட ஜன்னல் வழியே சொன்னாள்:

"பூண்டு எடுக்க இன்னும் பதினஞ்சு நாள் கெடக்கு. சூட்டிங்காரங்க வந்து நின்னா, 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்'னு மட்டும் சொல்லுங்க. தோட்டத்துக்குள்ள ஒருத்தர் காலும் படக்கூடாது. நீங்களா எதையும் பேசிராதீங்க."

கொடைக்கானலுக்கு மேலே ஒன்றரை மணி நேரத் தூரத்தில், மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் போட்ட ஊர் அது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது ஜீப்பில் வந்து இறங்கி, இரண்டு கையாலும் சதுரம் பிடித்து மேகத்தைப் பார்ப்பார்கள். ஊரில் படத்தில் வராத ஜீவன் குறைவு. பக்கத்து வீட்டுப் பழனிமுத்துவின் மாடு ஒரு காதல் பாட்டில் நாலு வினாடி வந்தது. கதாநாயகியைவிட அதுதான் நன்றாக நடித்தது என்று பழனிமுத்து சொல்லித் திரிந்தான். அன்றிலிருந்து அந்த மாட்டை யாரும் அதட்டுவதில்லை. அதே பாட்டில் அதே மாட்டுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நின்ற ஆண்டிச்சாமியின் ஒரு காதுகூடப் படத்தில் வரவில்லை. மாட்டைவிட மட்டமாகிப்போன மனுஷன் என்ன முடிவுதான் எடுக்கமாட்டான்?

அன்றைக்கு மத்தியானமே ஜீப் வந்தது. சீரியலுக்கு இடம் பார்க்கும் ஆனந்த் இறங்கினான்.

"அண்ணே, இந்தத் தோட்டம் உங்களோடதா?"

"நம்மளோடதுதாங்க."

"சூப்பர் லொகேஷன்ணே! நாளைக்கு ஒரே நாள் சூட்டிங். கதாநாயகி பூண்டுக்கு நடுவுல ஓடி வருவாங்க. நீங்க மேல நின்னு, 'அம்மா, வண்டி வந்துருச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

ஆண்டிச்சாமிக்கு உச்சி குளிர்ந்தது. வசனம்! மாட்டுக்கு வசனமே கிடையாது.

"வீட்டுல அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்கண்ணே."

"கேக்குறதுக்கெல்லாம் ஆள் இல்லைங்க தம்பி."

கெத்தாகத்தான் சொன்னான். ஆனால் மலைக்குளிரில் குரல் கரகரத்துவிட்டது. ஆனந்த் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.

"ஐயோ... எப்பண்ணே?"

'காலை பஸ்ஸுக்கு' என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வசனம் போய்விடுமே. ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையை மறுநாள் முழுக்க நிமிர்த்த முடியவில்லை.

மறுநாள் வெள்ளனே மூன்று வண்டியில் யூனிட் வந்து இறங்கியது. டைரக்டர் ராஜமுருகன் நேராக வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உடை பார்க்கும் அம்மா ரோகிணி, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி முதல் டீயை அவனுக்குக் கொடுத்தார். யாரோ வீட்டுக்குள் போய் முருகேஸ்வரியின் போட்டோவைக் கொண்டுவந்தார்கள். சாமந்தி மாலை போட்டு, பொட்டு வைத்து, வாசலில் நாற்காலி மேல் நிறுத்தி, விளக்கேற்றினார்கள். யூனிட் மொத்தமும் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றது.

படத்தில் வர ஆசைப்பட்டவன் அவன். படமாகி உட்கார்ந்திருப்பவள் அவள். 'சும்மா சொன்னேங்க' என்று வாயைத் திறந்தான். "பேசாதீங்கண்ணே, மனசைத் தேத்திக்கங்க" என்று ஆனந்த் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பழனிமுத்து போட்டோவைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு, டவர் கிடைக்கும் மேட்டைப் பார்த்து ஓடினான்.

அன்றைக்கென்று மேகம் கலையவே இல்லை. வெளிச்சம் வந்து, ஆண்டிச்சாமி முகத்தில் பவுடர் அப்பி, கேமராவைத் தோட்டத்துக்குத் தூக்கும்போது மணி இரண்டு. சரியாக அப்போதுதான் பஸ் வந்து நின்றது. முருகேஸ்வரி இறங்கினாள்.

வாசலுக்கு வந்தாள். தன் படத்தைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். பவுடர் பூசிய புருஷனைப் பார்த்தாள். ஆண்டிச்சாமிக்கு அந்த மலையே சரிந்து தன் மேல் விழுந்தால் தேவலை என்று இருந்தது. டைரக்டர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்ததில் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

"பயப்படாதீங்க சார்," என்றாள் முருகேஸ்வரி நிதானமாக. "நான் செத்துப்போனவங்க தங்கச்சி. அய்யம்பாளையம். அக்கா சாடையாத்தான் இருப்பேன்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "சாப்பிட்டீங்களா, மாமா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவனை ஒரு நாளும் மாமா என்று கூப்பிட்டதில்லை.

"அக்கா எப்படி மாமா போச்சு?"

"பஸ்ஸு..." என்றான் ஆண்டிச்சாமி.

"அடக் கடவுளே, பஸ் மோதியா?" என்று ரோகிணியம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"பஸ்ஸுல... ஏறிப் போயிட்டா."

"பாவம், நிதானமே இல்ல," என்றார் ரோகிணியம்மா.

"எப்படி இருக்கும்?" என்றாள் முருகேஸ்வரி. "சார், அக்கா கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுத்தான் போச்சு. பூண்டுத் தோட்டத்துக்குள்ள ஒருத்தர் காலும் படக்கூடாதுன்னுச்சு. சொல்லுச்சா இல்லையா, மாமா?"

"சொல்லுச்சு," என்றான். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் உண்மை அது.

டைரக்டர் கண்ணை மூடித் திறந்தார். "கடைசி ஆசைம்மா. மீறக்கூடாது." கேமரா திரும்பியது. கதாநாயகி பழனிமுத்துவின் உருளைக்கிழங்கு எடுத்த வெறுங்காட்டில் ஓடினாள்.

ஆண்டிச்சாமியை மேட்டில் நிறுத்தினார்கள். எதிரே கேமரா. கேமராவுக்குப் பக்கத்தில் முருகேஸ்வரி, கையைக் கட்டிக்கொண்டு. 'அம்மா' வந்தது. வண்டி வரவில்லை. ஆறு தடவை எடுத்தார்கள். ஆறாவது தடவை அம்மாவும் வரவில்லை.

"அவரை விட்டுருங்கப்பா, துக்கத்துல இருக்காரு. நீங்க சொல்றீங்களாம்மா?"

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல சார்," என்று சொல்லிவிட்டு முருகேஸ்வரி மேட்டில் ஏறினாள். "அம்மா, வண்டி வந்துருச்சு!" பள்ளத்தாக்கு அதைத் திருப்பிச் சொன்னது. முதல் தடவையே ஓகே. எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் ஆண்டிச்சாமியும் தட்டினான்.

சாமான்களைக் கட்டும்போது டைரக்டர் அவனைப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போனார். "மனசுல வச்சிருந்தா பாரம்ணே. அவங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க."

எதையாவது புளுகித் தப்பிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தான். வேறு ஏதோ வந்தது.

"இந்தத் தோட்டத்துல நான் ஒரு கல்லுகூட எடுத்து வச்சதில்லைங்க. மழையில சுவர் சரிஞ்சப்ப நனைஞ்சுக்கிட்டே அடுக்குனது அவதான். உறைபனி விழுற மாசம் பூரா சூரியன் வர்றதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சுப் பயிரைக் காப்பாத்துவா. நான் போர்த்திக்கிட்டுக் கெடப்பேன். காய்ச்சல்ல நான் நினைவில்லாமக் கெடந்தப்ப, பூண்டு மூட்டைக்கு நடுவுல என்னைப் படுக்கவச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. அவளைக் கேக்காம நான் எதையும் செய்யமாட்டேன்னு ஊர்ல சிரிப்பாங்க. கேட்டுச் செஞ்சது மட்டுந்தான் உருப்பட்டுச்சு. கேக்குறதுக்கு ஆள் இல்லைன்னு நானே... என் வாயாலயே..."

பவுடர் முகத்தில் கண்ணீர் இரண்டு கோடு இழுத்தது. ரோகிணியம்மா விசும்பினார். முருகேஸ்வரி விசும்பவில்லை.

"அக்கா உயிரோட இருந்தப்ப இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே, மாமா," என்றாள், குரலை உயர்த்தாமல்.

வண்டிகள் கிளம்பிப் போயின. கடைசி ஜீப் வளைவில் மறைந்ததும் ஆண்டிச்சாமி மெதுவாக அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, கால் விரலைப் பார்த்துப் பேசினான்.

"பழனிமுத்து சொல்லிட்டானா?"

"சொன்னாரா? 'தங்கச்சி, நீ எப்ப செத்தே'ன்னு எங்கிட்டயே துக்கம் விசாரிச்சாரு. எங்கிட்டேருந்து போனைப் பிடுங்கினது எங்க ஆத்தா. அது போட்ட கூப்பாட்டுல காது குத்துற ஆளு ஊசியைக் கீழ போட்டுட்டாரு."

"தப்புதான், முருகேசு. ஆயிரம் தடவை தப்பு."

காலையிலிருந்து துக்கம் விசாரித்தார்களே தவிர, அவனுக்கு ஒருத்தரும் சாப்பாடு போடவில்லை.

"பசிக்குது. ஒரு ரசமாவது..."

முருகேஸ்வரி வாசலில் பாயை விரித்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"பதினாறாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் செத்தவ அடுப்பு பத்தவைக்க மாட்டா, மாமா."

அன்றைக்குத்தான் முதல் நாள்.