ராஜபார்ட் ஊதிய அபாயச் சங்கு

எனக்குப் பாட வராது. இதை நான் ஒப்புக்கொள்வதற்கு ஒரு ஜப்பானியச் சிப்பாயின் இரண்டு அறை தேவைப்பட்டது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மலாக்கா காஜா பெராங்கில் மாமனார் வீட்டில் குடியிருந்தோம். ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசி போய் மரவள்ளி வந்திருந்தது. ஊருக்கு வந்துகொண்டிருந்த நாடகக் குழுக்களும் நின்றுபோயிருந்தன. மரவள்ளியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாட்டு நாடகம் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வருஷம் அவர்களுடைய சக்கரவர்த்தியின் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. ஞாயிறோடு சேர்த்து முழுசாக இரண்டு நாள் விடுமுறை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஆசை: பாயை விரித்துப் படுப்பது. எனக்கோ, நானே எழுதிய ராஜா ராணி நாடகத்தைக் கொல்லையில் அரங்கேற்றியே தீருவது என்ற வெறி. ராஜபார்ட்டும் நானேதான்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாச்சும் மனுஷங்கள தூங்க விடுங்களேன்" என்றாள் என் மனைவி செல்லம். (ராணி வேஷம் அவளுக்காகவே எழுதியது. படித்துப் பார்த்தவள், அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.)

"படுத்துக்கிட்டே பாருங்க, போதும்" என்றேன்.

இரண்டு கோணிச் சாக்குகளைக் கொடியில் தொங்கவிட்டதும் திரை தயார். தலையில் அட்டைக் கிரீடம். மாமரத்தடியில் மாமனார், செல்லம், அவள் தங்கை. பக்கத்து வீட்டுக் காதர் பாயும் வந்து உட்கார்ந்தார். விமானம் வருகிறது என்று அபாயச் சங்கு ஊதினால், தெருவில் உள்ளவர்களைப் பதுங்கு குழியில் இறக்குவது அவர் பொறுப்பு. எங்கள் கொல்லையிலேயே ஒரு குழி இருந்தது.

ராஜபார்ட் திரைக்குள்ளிருந்தே பாடத் தொடங்கி, உச்சத்தைத் தொட்ட பிறகுதான் வெளியே வரவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தாழ்வாகத் தொடங்கினேன். மெல்ல மெல்ல ஏற்றி, உச்சியில் நிறுத்தி, இறங்கி, மறுபடி ஏறினேன். வெளியே தடதடவென்று காலடிச் சத்தம். கூட்டம் முண்டியடிக்கிறது என்று பூரித்துப்போய், இன்னும் இரண்டு தடவை ஏறி இறங்கினேன்.

பிறகு சாக்கை விலக்கிக்கொண்டு கம்பீரமாக வந்தேன்.

கொல்லையில் ஒருவரும் இல்லை. பாயில் பாதி தின்ற மரவள்ளிக்கிழங்கும், மாமனாரின் ஒற்றைச் செருப்பும் கிடந்தன.

குழிக்குள்ளிருந்து காதர் பாயின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "தம்பி! சங்கு ஊதுறது காதுல விழலயா? சீக்கிரம் இறங்குலா!"

"பாய்... அது நான்தான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. தெரு முழுவதும் குழிகளுக்குள் இருந்தது. பொய்ச் சங்குக்கு என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குள் ஒரு சிப்பாய் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தான்.

"சியாபா? யார் ஊதினது?" என்று அரைகுறை மலாயில் கத்திக்கொண்டே, தெருவுக்குப் பொறுப்பான காதர் பாயின் சட்டையைப் பிடித்தான்.

"நான்தான். வாயால்" என்றேன், கிரீடத்தோடு.

அவன் நம்பவில்லை. பாடிக் காட்டச் சொன்னான். வாயைத் திறந்தேன். பூனைக்குட்டி முனகுவதுபோல் ஏதோ வந்தது. பொய் சொல்கிறோம் என்று நினைத்துக் காதர் பாயை அடிக்கக் கை ஓங்கினான். அவருக்கு நாலு பிள்ளைகள். இனி விடுவதில்லை என்று பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடி, அடிவயிற்றிலிருந்து எடுத்தேன் பாருங்கள்!

கண்ணைத் திறந்தபோது அடுத்த தெருவிலும் கதவுகள் அடித்துக்கொண்டன. உண்மை தெரிந்த என் குடும்பமே மறுபடி குழிக்குள் இருந்தது. சிப்பாயும் முழங்கால் வரை சேற்றுத் தண்ணீரில் நின்றான்.

"பகேரோ!" என்று அவன் பாஷையில் திட்டிக்கொண்டே ஏறி வந்தவன் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு வைத்தான். இனிப் பாடினால் சுடுவேன் என்று சைகை காட்டிவிட்டுப் போனான். காதர் பாயைத் தொடவில்லை.

"அவன் சொன்னத எழுதி வாங்கியிருக்கலாம், மாப்பிள்ளை" என்றார் மாமனார். ஞாயிறு முழுவதும் வீடே நிம்மதியாகத் தூங்கியது.

போர் முடிந்து பல வருஷம் கழித்து, என் மகள் கல்யாணத்தில் விவரம் தெரியாத சம்பந்தி என்னிடம் மைக்கை நீட்டினார். தொண்டையைச் செருமினேன். மாப்பிள்ளை வீட்டார் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டார் அத்தனை பேரும், நடக்க முடியாத காதர் பாய் உட்பட, மேசைக்கு அடியில் இருந்தார்கள்.