எல்லோரையும் தடு, சுதாவை மட்டும் விடு

வேலை தெரிந்தவன் சொந்த வீட்டு வேலையில் கை வைத்தால், அன்றைக்கு அந்த வீட்டுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறவன். எங்கள் வேப்பம்பட்டு ஃபிளாட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, வீட்டு இன்டர்நெட் முழுக்க அதன் வழியாகவே போகும்படி வைத்திருந்தேன். என் மீட்டிங்குக்கு முதல் மரியாதை, மாமனாரின் சீரியலுக்குக் கடைசி வரிசை. (சீரியல் ஏன் நின்று நின்று வந்தது என்று அவருக்கு ரொம்ப நாள் தெரியாது.)

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருந்த என் மனைவி சுதாவுக்கு, பல வருஷம் கழித்து ஒரு இன்டர்வியூ வந்தது. வீட்டிலிருந்தே, வீடியோவில். "இதுவும் போச்சுன்னா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். 

நான் சும்மா இருந்திருக்கலாம். இன்டர்வியூவுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, ஆபீசில் உட்கார்ந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். அவளுக்குத் தனி ராஜபாட்டை போட்டுத் தருவதாக நினைப்பு. திட்டம் இரண்டே வரி. முதலில், எல்லோரையும் தடு. அப்புறம், சுதாவை மட்டும் விடு. முதல் வரியைத் தட்டினேன். இரண்டாவதைத் தட்டினால் திரை அசையவில்லை. அந்த எல்லோரிலும் நானும் அடக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே போக எனக்கே வழி இல்லை.

சுதாவுக்குப் போன் போகவில்லை. (எங்கள் ஃபிளாட்டில் சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான்.) கிடைத்த மின்சார ரயிலில் ஏறி ஓடினேன்.

கீழ் வீட்டுக் குமாரி அக்கா வாசலிலேயே என்னை மறித்தாள்.

"சத்தம் போடாத. உம் பொண்டாட்டி எங்கூட்டு கிச்சன்ல இன்டர்வியூ குடுத்துகினு கீறா. ஆமா, ஊருக்கே நெட்டு வருது, உங்கூட்டுக்கு மட்டும் இன்னா கேடு?"

"தெரியலக்கா" என்றேன்.

உள்ளே குக்கர் விசிலுக்கு நடுவே சுதாவின் குரல் கேட்டது. திடீர்ச் சிக்கலை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள் போல.

"என் வீட்டுக்காரர் நெட்வொர்க் இன்ஜினியர் சார். அதனால எங்களுக்கு அடிக்கடி நெட் போகும். இப்பகூட அவர்தான் எதையோ நோண்டியிருப்பார். நான் லேப்டாப்பைத் தூக்கிட்டு கீழ் வீட்டுக்கு வந்துட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது. ஷூவைக் கையில் பிடித்தபடி நான் வாசலிலேயே நின்றேன். சுதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

இன்றும் சுதாவுக்கு முக்கியமான மீட்டிங் என்றால், குமாரி அக்கா மாடியேறி வந்து என்னிடம் கையை நீட்டுவாள். "உன் லேப்டாப்ப குடு நைனா, மீட்டிங் முடிஞ்சதும் தர்றேன்."

எடுத்துக் கொடுத்துவிடுவேன். சோபாவிலிருந்து மாமனார், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வார்:

"அப்படியே மாப்பிள்ளை போனையும் வாங்கிக்கோம்மா."