இருநூற்று நான்கு கையெழுத்து

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருப்பவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். நேரத்துக்கு வருகிறவர்கள், காரணம் சொல்கிறவர்கள். முதல் வகையில் தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் இன்னும் பார்க்கவில்லை.

டிப்போவில் அவருக்கு 'மூணு நிமிஷம்' என்று பெயர். ஒரு பஸ் மூன்று நிமிஷம் தாமதமாக உள்ளே நுழைந்தால் ரிப்போர்ட் எழுதிவிடுவார். டயர் வெடித்ததா, டிரைவருக்கு மயக்கம் வந்ததா என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத சங்கதி. புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், கீழே தன் கையெழுத்து. தாளில் இந்த மூன்று இடங்களைத் தவிர வேறெங்கும் அவர் கண் போகாது. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். ஒரு தாளை முழுசாகப் படிக்கிறவன் வேலை தெரியாதவன் என்பது அவருடைய கட்சி.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு தாமதம் நடந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் ஒரு நாள் டீ குடிக்கும்போது சும்மா இருக்காமல் வாயைத் திறந்தான்.

"உங்க பொண்ணு இப்பல்லாம் நம்ம பஸ்ல வர்றதில்லையே சார். அடுத்த பஸ்லதான் ஏறுதாம்."

அன்றைக்குச் சாயங்காலம் விசாரணை தொடங்கியது. மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புக்கு வந்திருந்தாள். பதினேழு நடக்கிறது.

"நாலு பத்துக்கு வீட்டுக்கு வர வேண்டியவ நாலு அம்பதுக்கு வர்ற. நாப்பது நிமிஷம் எங்க போச்சு?"

"பேசிட்டு இருந்தேன்பா."

"யாரோட?"

"ஃப்ரெண்ட்ஸோட."

"என்ன பேசினீங்க?"

"ஞாபகம் இல்லப்பா. சிரிச்சிட்டு இருந்தோம்."

டிப்போ படிவத்தில் தாமதத்துக்குப் பதினோரு காரணங்கள் அச்சடித்திருக்கும். சிரித்தது அதில் இல்லை.

மறுநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அவர் தீர்ப்பு சொன்னார். "இனிமே ஸ்கூலும் வேணாம், பஸ்ஸும் வேணாம். முழுநேர ஆன்லைன் ஸ்கூல் ஒண்ணு இருக்காம். வீட்டுலயே உக்காந்து படிக்கட்டும். படிப்பும் ஆச்சு, கண்ணு முன்னாடி இருந்த மாதிரியும் ஆச்சு."

"யார் கண்ணு முன்னாடி?" என்றாள் மனைவி. "நீங்க காலைல ஆறு மணிக்குப் போனா சாயங்காலம் அஞ்சரைக்கு வர்றீங்க."

"உன் கண்ணு எதுக்கு இருக்கு?"

"கடைசி வருஷம்ங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு. அதுக்குன்னு நாலு சிநேகிதம் இருக்கு. இப்பப் போய் வீட்டுல அடைச்சு வெச்சா முகமே செத்துப் போயிடும்."

"படிக்கிறதுக்கு முகம் எதுக்கு?"

இப்படி ஒரு மனிதனிடம் என்ன பேசுவது? அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின. மூன்றாம் நாள் காலையில், டிபன் பாக்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, "சரிங்க, உங்க இஷ்டம். ஆன்லைன்லயே சேர்த்துடலாம்" என்றாள்.

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததே இல்லை. அவர் யோசித்திருக்கலாம். ஆனால் ஜெயித்தவருக்கு யோசனை எதற்கு?

அந்தப் பதினெட்டு வருஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் கிடந்ததில் இரண்டு வருஷம் விட்டுப் போய், பத்தொன்பது வயதில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் இந்த மனைவி. பெண் பார்க்க வந்த டைம்கீப்பர், "தாராளமா படிக்கட்டும். நான் தடை சொல்ல மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கல்யாணம் ஆனதும், "காலைல ஆறு மணி டியூட்டி. சாப்பாடு யார் கட்டுவா? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருஷம் மகள் வயிற்றில் இருந்தாள். அப்புறம் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் மறந்தே போனார். அவள் மறக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

விண்ணப்பம் எழுதும் வேலையை அவளிடமே விட்டார். "எழுதறது உன் பாடு. நான் கையெழுத்து போடறேன். பழைய ஸ்கூல்ல போய்ச் சொல்ல வேண்டியதையும் நீயே சொல்லிடு."

"நானே சொல்லிக்கிறேன்" என்றாள் அவள். பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் அரை மணி நேரம் பேசிவிட்டும் வந்தாள். என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை. போன நேரம், வந்த நேரம் மட்டும் கேட்டார்.

ஆன்லைன் பள்ளியிலிருந்து ஒரு மடிக்கணினியும், தடியாக ஒரு வருகைப் புத்தகமும் வந்தன. புத்தகத்தைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாளுக்கு ஒரு பக்கம். மாணவர் பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், தாமதம் இருந்தால் அதற்குக் காரணம், கடைசியில் 'நேரில் சரிபார்த்தேன்' என்று அச்சடித்து, வீட்டுக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட ஒரு கட்டம். கையெழுத்தான பக்கத்தை அன்றன்றே படம் எடுத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

"இதுதான் ஸ்கூல்! நம்ம டிப்போ மாதிரியே இருக்கு" என்றார். "கண்காணிப்பாளர் நான்தான். தினமும் என் கையெழுத்து விழணும்."

"வேற யாரு போடுவா? நீங்கதான் போடணும்" என்றாள் அவள்.

அன்று முதல் தினமும் ஐந்தரைக்கு அவர் வீட்டுக்குள் நுழைவார். மகள் வீட்டு உடையில், முகம் கழுவி, ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். மனைவி வருகைப் புத்தகத்தை நீட்டுவாள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். உட்கார்ந்த நேரம் ஒன்பது. எழுந்த நேரம் மூன்றரை. சரி. ஒரு கையெழுத்து. 'நேரில் சரிபார்த்தேன்.' பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு எப்படி நேரில் சரிபார்த்தார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. டிப்போவிலும் அப்படித்தான்.

டிப்போவில் பெருமை தாங்கவில்லை.

"வீட்டுலயே ஸ்கூல். பஸ்ஸும் கிடையாது, பாதையில நின்னு சிரிக்கிறதும் கிடையாது."

"அப்ப பொண்ணு வெளியவே வர்றதில்லையா சார்?" என்று கேட்டான் அதே கண்டக்டர்.

"எதுக்கு வரணும்?"

"அதானே" என்று சொல்லிவிட்டு கண்டக்டர் டீ கிளாஸுக்குள் பார்த்தான். அவன் பக்கத்திலிருந்த டிரைவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மெக்கானிக் எழுந்து வெளியே போனான். எல்லாருக்கும் வயிற்றெரிச்சல் என்று டைம்கீப்பர் முடிவு செய்தார்.

ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் வந்து, பதினோரு மணிக்கே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மடிக்கணினி முன்னால் காதில் ஹெட்போனோடு மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா. திரையில் ஒரு வாத்தியார் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தார். மகளைக் காணோம்.

"எங்க அவ?"

ஒரு நொடி அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த நொடி வந்துவிட்டது. "பல்வலி. பக்கத்து வீட்டு அக்காவோட டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கேன்."

"நீ என்ன பண்ற?"

"பாடம் போயிடக் கூடாதுன்னு நான் உக்காந்து எழுதி வெக்கிறேன்."

டைம்கீப்பர் நெகிழ்ந்து போனார். "இதுதான் பொறுப்பு. வருகை மட்டும் விடக் கூடாது. நேரம் போட்டியா?"

"ஒம்பதுக்கே போட்டாச்சு. நீங்க போய்ப் படுங்க. சத்தம் போடாதீங்க, வாத்தியார் கேள்வி கேக்கறார்."

அவர் சத்தம் போடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். சொந்த வீட்டில் கால் நுனியில் நடந்து போனார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாளாக ஆகச் சாப்பாடுதான் ஒரு மாதிரியாகிக்கொண்டே போனது. ஒன்று, உப்பு இரண்டு தடவை விழும்; இல்லை, விழவே விழாது. கேட்டால், "பரீட்சை வருதுல்ல" என்பாள். சாயங்காலத்தில் அம்மாவும் மகளும் ஒரே புத்தகத்துக்கு மேல் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "இது ஏன்டி இப்படி வருது?" என்று அம்மா கேட்பாள், மகள் விளக்குவாள். பெண்ணை எப்படிக் கேள்வி கேட்டு மடக்குகிறாள் பார் என்று அவர் மெச்சிக்கொள்வார். பரீட்சை நடந்த நாட்களில் மகளைத் தானே மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாக மனைவி சொன்னாள். லீவு போட வேண்டாம் என்பதில் அவருக்குச் சந்தோஷம்.

பரீட்சை முடிந்து அடுத்த வாரம், ஆன்லைன் பள்ளி எல்லா வீட்டுக் கண்காணிப்பாளர்களையும் திரை வழியாகச் சந்திக்கக் கூப்பிட்டது. சாயங்காலம் நாலரைக்கு. காய்ச்சல் வந்த அந்த ஒரு நாளைத் தவிர்த்தால், டைம்கீப்பர் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அரை நாள் லீவு போட்டார். இஸ்திரி போட்ட சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலை. மடிக்கணினிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மனைவியும் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவ எங்க?"

"வருவா. நாலு அம்பதுக்கு."

அந்த நேரத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. நினைவுக்கு வருவதற்குள் திரையில் வகுப்பு ஆசிரியை வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வணக்கம் சார். இருநூத்தி நாலு நாள்! ஒரு நாள் கூட லீவு இல்ல. எங்க ஸ்கூல்லயே இந்த வருஷம் இவங்க ஒருத்தர்தான். கண்காணிப்பாளர் நீங்களும் ஒரு நாள் விடாம கையெழுத்து போட்டிருக்கீங்க."

"நேரம்னா நேரம்தான் மேடம்" என்றார் டைம்கீப்பர். நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்தார்.

"அதை விடுங்க சார். அந்த முதல் பக்கத்துல நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களே, அதைப் பாத்தப்பவே உங்க மேல எனக்கு ஒரு மரியாதை வந்துடுச்சு. அப்படி ஒத்துக்கற ஆம்பளைங்க ரொம்ப கம்மி."

எதை ஒத்துக்கொண்டோம் என்று அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பாராட்டு வரும்போது விளக்கம் கேட்பது மரியாதை இல்லை. அடக்கமாகத் தலையை ஆட்டினார். "கடமைதானே மேடம். இருங்க, பொண்ணு இப்ப வந்துடுவா. அவளையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்றேன்."

"பொண்ணா? உங்களுக்குப் பொண்ணு இருக்கறது தெரியும் சார். ஆனா நான் சொல்றது எங்க மாணவியை. இதோ, உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க?"

டைம்கீப்பர் இடது பக்கம் பார்த்தார். சுவர் இருந்தது. வலது பக்கம் பார்த்தார். மனைவி இருந்தாள்.

"வணக்கம் மிஸ்" என்றாள் மனைவி.

வாசல் கதவு திறந்தது. சீருடையும் ரெட்டைப் பின்னலும் தோளில் பையுமாக மகள் உள்ளே வந்தாள். சட்டை முழுக்க சிநேகிதிகள் பேனாவால் எழுதிய வாழ்த்துகள். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது.

"எங்க ஸ்கூல் பரீட்சையும் முடிஞ்சிடுச்சும்மா!" என்று கத்தியவள், அப்பாவைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

மனைவி திரையிடம் விடைபெற்று மடிக்கணினியை மூடினாள். டைம்கீப்பர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இவ அந்த ஸ்கூலை விட்டு நிக்கவே இல்லையா?"

"நான் நிறுத்தவே இல்லையே."

"ஆன்லைன்ல சேர்த்தது?"

"என்னை. விண்ணப்பத்துல என் பேர்தான் இருந்தது. வருகைப் புத்தகத்துலயும் பக்கத்துக்குப் பக்கம் என் பேர்தான். நான் ஒளிச்சு வெக்கல. தினமும் உங்க மூக்குக்குக் கீழதான் நீட்டினேன்."

"எல்லாரும் சேர்ந்து என் தலையில மிளகா அரைச்சிருக்கீங்க!"

"ஆமா" என்றாள் அவள்.

மறுப்பாள் என்று எதிர்பார்த்து அடுத்த வசனத்தைத் தயாராக வைத்திருந்தவருக்கு அது வீணாகிப் போயிற்று. "ஸ்கூலுக்கு எழுதிப் போடறேன். ரெண்டு ஸ்கூலுக்கும்!"

"போடுங்களேன். என்னன்னு எழுதுவீங்க? இருநூத்தி நாலு நாளும் நேர்ல சரிபார்த்தேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. பேரைக் கூடப் படிக்காம போட்டேன்னு சொல்வீங்களா? டிப்போவுக்குத் தெரிஞ்சா உங்க மானம் என்ன ஆகறது?"

"டிப்போவுக்குத் தெரியும்மா" என்றாள் மகள் மெதுவாக. "கண்டக்டர் அண்ணாதான் தினமும் எனக்கு சீட் பிடிச்சு வெப்பார். அப்பா டியூட்டி முடியறதுக்குள்ள என்னை இறக்கி விட்டுடணும்னு டிரைவர் அண்ணாவும் வேகமா ஓட்டுவார். ஒரு நாள் கூட லேட் ஆனதில்ல."

அந்த பஸ் இந்த வருஷம் முழுவதும் நேரத்துக்கு வந்தது டைம்கீப்பருக்கு ஞாபகம் வந்தது. தன் ரிப்போர்ட்டுக்குப் பயந்துதான் வருகிறார்கள் என்று மேலதிகாரியிடம் சொல்லியிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, நெஞ்சு வலித்தது நிஜம். தன்னை இத்தனை பேர் இவ்வளவு ஒழுங்காக ஏமாற்றியிருக்கிறார்கள். ஒருத்தருக்குக் கூடப் பாவம் என்று தோன்றவில்லையா?

"என்கிட்டக் கேட்டிருந்தா நானே படின்னு சொல்லியிருப்பேனே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் கூட இல்லை அந்தப் பார்வையில். "கேட்டேனே. மூணு வருஷம் கேட்டேன். அப்புறம் உள்ள போய் அழுதேன். அழுது முடிச்சாச்சுங்க. இப்ப ஒண்ணும் மிச்சமில்ல."

மகளைக் கூட்டிக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள். உள்ளே இரண்டு பேரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். எத்தனை நிமிஷம் என்று அவர் பார்க்கவில்லை.

மேஜை மேல் வருகைப் புத்தகம் கிடந்தது. ஆசிரியை சொன்ன முதல் பக்கத்தை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

மாணவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். வகுப்பில் சேரத் தாமதம்: பதினெட்டு வருஷம். தாமதத்துக்குக் காரணம்: கணவர்.

கீழே 'நேரில் சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில், கொஞ்சமும் கை நடுங்காமல் போட்ட அவருடைய முழுக் கையெழுத்து.