சீமை எலிக்கும் பத்தியம்

வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு, நோயாளி என்று ஓர் இனம் உண்டு. இரண்டுக்கும் நடுவிலே யாரும் அழைக்காமல் வந்து உட்கார்ந்துகொள்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பத்தியக்காரர் என்று பெயர் வைக்கலாம். இவருக்கு நாடி பார்க்கத் தெரியாது. மருந்து கொடுக்கமாட்டார். மருந்தில் இவருக்கு அத்தனை நம்பிக்கையும் கிடையாது. இவருக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் எதைத் தின்னக்கூடாது என்பது ஒன்றுதான். ஆனால் அதைப் பூரணமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

இவரை நீங்கள் பார்த்ததில்லையா? ஒரே ஒரு தரம் தும்மிப் பாருங்கள். எதிர்வீட்டிலிருந்தோ, கோயில் பிராகாரத்திலிருந்தோ, ரயிலில் பின்பலகையிலிருந்தோ, "நேத்திக்கு என்ன சாப்பிட்டேள்?" என்று ஒரு குரல் வரும். நீங்கள் எதைச் சொன்னாலும் சரி, அதுதான் தும்மலுக்குக் காரணம். மோர் சாப்பிட்டேன் என்றால் மோர். மோரே சாப்பிடவில்லை என்றால், சாப்பிடாமல் விட்டதால் வந்த சூடு. அன்று முதல் உங்கள் இலையிலிருந்து வாழைக்காய் போகும், கத்திரிக்காய் போகும், தேங்காய் போகும், தயிர் போகும், ஊறுகாய் போகும், கடைசியில் இலையே போய் ஒரு கிண்ணம் கஞ்சி வந்து நிற்கும். அவர் மட்டும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கும் சேர்த்து அடைப் பிரதமன் பாயசம் சாப்பிடுவார். நோயாளிக்குத் தைரியம் சொல்கிறவன் திடமாக இருக்கவேண்டாமா?

திருவனந்தபுரம் கரமனை அக்கிரகாரத்தில் இந்த இனத்துக்குச் சக்கரவர்த்தி நாகேஸ்வரய்யர். காலேஜ் ஆபீஸில் ஹெட்கிளார்க். அவர் சாஸ்திரத்தை யாராலும் உடைக்க முடியாது. நோய் குணமானால் பத்தியம் குணப்படுத்தியது. குணமாகவில்லையென்றால், "யாரோ என்னமோ கொடுத்திருக்கா" என்பார். அதோடு வழக்கு முடிந்தது. அப்பீல் கிடையாது.

அவருடைய பழைய நோயாளிகளில் முக்கியமானவள் அவர் மனைவி சூடாமணி. போன வருஷம் மாம்பழக் காலத்தில் அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் சீக்கிரமே போய்விட்டது, பத்தியம் போகவில்லை. கூடத்தில் நாகேஸ்வரய்யர் மாம்பழத்தை நறுக்கி நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டே, அது எத்தனை சூடு என்று உள்ளறையில் படுத்திருந்தவளுக்கு விளக்கிச் சொன்னார். சூடாமணி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையெல்லாம் பெண்கள் மறந்துவிடுகிறார்கள் என்று நாகேஸ்வரய்யருக்கு ஓர் எண்ணம்.

இப்படியிருக்கையில் காலேஜ் புரொபசர் துரை பென்ஷன் வாங்கினார். சீமைக்குப் போகுமுன் குடும்பத்தோடு வடக்கே டில்லி, ஆக்ரா எல்லாம் பார்த்து, ஓணத்துக்குத் திரும்பிவந்து கப்பலேறுவதாக ஏற்பாடு. அவருடைய சிறுமகளிடம் ஒரு பிராணி இருந்தது. வால் கிடையாது, உரித்த தேங்காய் அளவு, முயலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். பெயர் பிரின்ஸ். அதன் இனத்துக்கு இங்கிலீஷில் வைத்திருக்கிற பெயரில் பன்றி என்று வருகிறது. அந்தப் பெயரோடு அக்கிரகாரத்துக்குள் எதையும் கொண்டுவர முடியுமா? தெருமுனை திரும்பும்போதே நாகேஸ்வரய்யர் அதைச் சீமை எலியாக்கிவிட்டார். எலியென்றால் பிள்ளையாருக்காவது வேண்டியது.

ஏன் கொண்டுவந்தார் என்கிறீர்களா? பிரின்ஸ் கிழம். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பின்னங்கால் இரண்டும் பிடிப்பு. ஈரக்காற்றுப் பட்டால் மூச்சு இழுக்கும். ரயிலில் அலைய முடியாத நோயாளியை யாரிடம் விடுவது என்று துரை ஆபீஸில் கேட்டார். மற்ற குமாஸ்தாக்கள் எல்லாரும் காகிதங்களுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். நோயாளி என்ற சொல் காதில் விழுந்தபின் நாகேஸ்வரய்யரால் சும்மா உட்கார முடியுமா?

துரைமகள் அவரிடம் கம்பிபோட்ட பெட்டியைக் கொடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாம் சொல்லித்தான் கொடுத்தாள். தினம் பச்சைப் புல் வேண்டும், கீரை வேண்டும், புளிப்பாக ஒரு காய் வேண்டும், பல் வளர்ந்துகொண்டே போகுமாகையால் கொறிக்க ஏதாவது இருக்கவேண்டும், ஒரு வேளை வயிறு காய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. நாகேஸ்வரய்யர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் பொருட்படுத்தியது இரண்டே வார்த்தைகள்: கிழம், இழுப்பு.

அவர் வீட்டுக்கு வரவும் கர்க்கடக மாசம், அதாவது ஆடி, பிறக்கவும் சரியாக இருந்தது. மழை விட்டபாடில்லை. கொல்லைத் தாழ்வாரத்தில், அடுக்களை வாசலை ஒட்டிப் பெட்டியை வைத்துவிட்டு, நாகேஸ்வரய்யர் எதிரே மணைபோட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். இழுப்பென்றால் கபம். கபத்துக்குப் புல் குளிர்ச்சி, வேண்டாம். முருங்கைக்கீரை கர்க்கடகத்தில் மனுஷனுக்கே ஆகாது, எலிக்கு எப்படி ஆகும்? நெல்லிக்காய் சளியைக் கட்டும். ஓயாமல் தின்பது அஜீர்ணம். ஆகையால் சுக்குத் தட்டிப்போட்ட, நவரை என்கிற மருந்தரிசிக் கஞ்சி, இரண்டு வேளை. ஏகாதசியன்று அதுவும் இல்லை.

"பல்லு தேயணும், எதையாவது கொறிக்கணும்னு அந்தப் பொண்ணு சொன்னதா நீங்கதானே சொன்னேள்?" என்று சூடாமணி கேட்டாள்.

"கஞ்சி குடிக்கறவாளுக்குப் பல்லு என்னத்துக்காக்கும்?" என்றார் நாகேஸ்வரய்யர்.

சூடாமணி சுக்குத் தட்டப் போனாள்.

பிரின்ஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சூடாமணி அடுக்களையில் அரிவாள்மணையைச் சாய்த்துக் காய் நறுக்க ஆரம்பித்தால் போதும், அந்தச் சத்தம் கேட்டுப் பெட்டிக்குள்ளிருந்து வீக், வீக் என்று விசில் அடிக்கும். குருட்டுக் கண்ணையும் நல்ல கண்ணையும் அடுக்களைப் பக்கமே வைத்துக்கொண்டு, முன்னங்காலைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு அடிக்கும். நறுக்கி முடிந்ததும் அதற்குக் கஞ்சி வரும். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். நாளுக்கு நாள் விசில் சன்னமாயிற்று. ஒருநாள் காலையில் அவள் ஒரு பூசணிக்காய் முழுவதையும் நறுக்கி முடித்தாள். சத்தமே இல்லை.

சூடாமணி போய்க் குனிந்து பார்த்தாள். பஞ்சுப் பொதிமாதிரி ஒரு மூலையில் கிடந்தது, வாய் திறந்திருந்தது, மூச்சு மட்டும் ஓடியது. போன வருஷத்து மாம்பழ வாசனை அவளுக்கு மூக்கில் வந்து நின்றது. இது ஓணம்வரை தாங்காது. அந்தப் பெண் வந்து பெட்டியைத் திறந்தால் என்ன ஆகும்? கூடத்தில் நாகேஸ்வரய்யர் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சூடாமணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையோடு கொல்லையில் இறங்கி, முருங்கைக் கிளையை வளைத்து ஒரு கொத்து ஒடித்தாள். ஒவ்வொரு இலையாக அதன் வாயருகில் பிடித்தாள். முதல் இலை வாயிலேயே நின்றது. பிறகு மெள்ளத் தாடை அசைந்தது.

அதற்கப்புறம் கேட்பானேன். நாகேஸ்வரய்யர் ஆபீஸுக்குப் படியிறங்கியதும் புல் வரும், கீரை வரும், கொல்லை மரத்து அருநெல்லிக்காய் வரும், கொறிக்க முருங்கைக் குச்சி வரும். மாலையில் அவர் வருவதற்குள் மிச்சமெல்லாம் வைக்கோலுக்கு அடியில் போய்விடும். கஞ்சியைக் காக்காய் குடித்தது. பிரின்ஸ் தேறிற்று. மயிர் மினுமினுத்தது. விசில் தெருவரைக்கும் கேட்டது.

நாகேஸ்வரய்யர் ஆகாசத்தில் நடந்தார். மிருகத்துக்கே கேட்டிருக்கிறது, மனுஷனுக்குக் கேட்காதா என்று தெருவெல்லாம் சொன்னார். அடுத்த வீட்டுச் சாம்பசிவன் தன் இருமலைக் கொண்டுவந்து காட்டினார், மறுநாளே அவர் வீட்டில் சேனைக்கிழங்கு நின்றுபோயிற்று. வடக்குத் தெரு பாகீரதி மாமிக்கு முழங்கால் வலி, புளி நின்றுபோயிற்று. ஆடி மழையில் அக்கிரகாரம் முழுவதும் சுக்குக் கஞ்சி மணத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து சாட்சியைக் காட்டுவார். சாட்சி ஊமை, பாவம்.

இவ்வளவு பெருமையோடு மழையில் நனைந்து நனைந்து வீடு வீடாகப் பத்தியம் சொல்லிவந்த மனுஷனுக்குக் காய்ச்சல் வராமல் இருக்குமா? வந்தது. படுத்தார். சூடாமணி மிகுந்த பக்தியோடு ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நவரையரிசி, சுக்கு.

"சுட்ட அப்பளம் ஒண்ணு..." என்று இழுத்தார்.

"அப்பளம் வாயுவாக்கும். பிரின்ஸுக்குக் கேட்டது உங்களுக்குக் கேக்காமப் போகுமா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் அடைக்கு அரைத்தாள்.

காய்ச்சல் விட்ட பின்னும் கஞ்சி விடவில்லை. சாம்பசிவன் வேறு வேளாவேளைக்கு வந்து, குருவின் பத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒருநாள் மத்தியானம் சூடாமணி கோயிலுக்குப் போயிருந்தாள். நாகேஸ்வரய்யர் சுவரைப் பிடித்துக்கொண்டு, தம்மைப்போலவே கஞ்சி குடிக்கிற ஒரே ஜீவனைப் பார்த்து ஆறுதலடையலாம் என்று கொல்லைத் தாழ்வாரத்துக்கு வந்தார். பிரின்ஸ் எதையோ மொறுமொறுவென்று கடித்துக்கொண்டிருந்தது. கஞ்சி மொறுமொறுக்குமா? வைக்கோலுக்குள் கையை விட்டார். முருங்கைக் காம்பு வந்தது. வெள்ளரித் துண்டு வந்தது. கை நிறைய அருநெல்லிக்காய் வந்தது.

"யாரோ என்னமோ கொடுத்திருக்கா."

ஆயுள் முழுக்க அத்தாட்சியில்லாமல் சொல்லிவந்த வார்த்தை. இன்று அத்தாட்சி கையில் இருந்தது. ஆனால் நோயாளியோ குண்டாக, மினுமினுவென்று, நல்ல கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. நாகேஸ்வரய்யர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது, போன வருஷத்து மாம்பழத்தைப் பற்றி ஒரு சின்ன ஞாபகமும் வந்தது. கடைசியாகப் பசி வந்து மூன்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றது. எலிப்பெட்டியில் கிடந்ததை ஆசாரமுள்ள பிராமணன் தின்பதா? மரத்தில் காய்த்தது, கழுவினால் தோஷமில்லை என்று உடனே ஒரு சாஸ்திரம் உண்டாயிற்று. செம்புத் தண்ணீரில் கழுவினார்.

கோயிலிலிருந்து வந்த சூடாமணி பெட்டியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானமும் அவளுக்குக் கோயிலுக்குப் போகவேண்டியிருந்தது. நாகேஸ்வரய்யர் வந்து பெட்டியைத் திறந்தார். வைக்கோலுக்கு மேலே, வாழையிலையில் மடித்து, சூடாக ஓர் அடை இருந்தது. சீமை எலி அடை தின்னும் என்று சூடாமணிக்கு யார் சொன்னார்கள்? அவரும் கேட்கவில்லை.

ஓணம் வந்தது. வெயில் வந்தது. தெருமுனையில் துரையின் கார் வந்து நின்றது. துரைமகள் ஓடிவந்து பெட்டியைத் திறந்து, பிரின்ஸை வாரி எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். தெருவே வாசலில் கூடியிருந்தது. அவள் நாகேஸ்வரய்யரை அண்ணாந்து பார்த்து இங்கிலீஷில் கேட்டாள். கப்பலில் நெடுநாள் போகவேண்டும், இவர் கொடுத்ததையே பிசகாமல் கொடுக்கப்போகிறாள், என்னென்ன கொடுத்தார்?

கஞ்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் சக்கரவர்த்திப் பட்டம் நிலைக்கும். பிரின்ஸ் பாதிக் கடல் தாண்டாது. உண்மையைச் சொன்னால் இத்தனை பேருடைய சேனைக்கிழங்குக்கும் புளிக்கும் யார் பதில் சொல்வது? நாகேஸ்வரய்யர் தொண்டையைக் கனைத்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண் எண்ணிக்கொள்ள விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிரின்ஸ் அவள் தோளிலிருந்து, வளையல் சத்தம் வந்த பக்கமாகத் திரும்பி, வீக் என்றது.

"பச்சைப் புல்," என்றார் நாகேஸ்வரய்யர், வேதம் சொல்கிற கம்பீரத்தோடு, நல்ல இங்கிலீஷில். "கீரை. தினம் புளிப்பாக ஒரு காய், கப்பலில் நெல்லிக்காய் இல்லாவிட்டால் ஆரஞ்சு. கொறிக்க ஒரு குச்சி. ஒருபோதும் பட்டினி போடக்கூடாது. இதுதான் பத்தியம்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியவில்லை. "கத்திரிக்காய் மட்டும் கூடாது."

அவள் விரலை மடக்கி மடக்கி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். கார் மறைந்ததும் சாம்பசிவன் நெருங்கிவந்து, கஞ்சியென்றல்லவா எங்களுக்குச் சொன்னீர் என்றார். "கஞ்சி மனுஷாளுக்காக்கும்," என்று சொல்லிவிட்டு நாகேஸ்வரய்யர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

உள்ளே சூடாமணி தும்மினாள். பழக்கம் பாருங்கள், அவர் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அடை சாப்பிட்டேன்," என்றாள் அவள், அவர் கேட்பதற்குள்ளேயே. "நீங்க சாப்பிட்டேளே, அதே அடைதான்."

வாய் மூடிக்கொண்டது. கரமனையில் அதற்கு முன்னால் அது நடந்ததே இல்லை.

நல்லவேளை, நாம் அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள், இல்லையா? சந்தோஷம். போன மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஜலதோஷம் பிடித்ததே, அப்போது உங்கள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி என்ன? நீங்கள் சொன்னபடியே எல்லாம் கேட்டு, சீக்கிரத்தில் தேறிவிட்டார் அல்லவா? அவர் தலையணைக்கு அடியில் ஒருதரம் கையை விட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.